சின்ன அறையின் வால்வு

ஹாரின் அம்மாவுக்கு,

வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் பழுதில்லை என்று மெக்கானிக் பியோன் இன்று மதியம் இங்கே கப்பல் கட்டும் தளத்துக்குப் போன் செய்து சொன்னார். நீ நலமா? குளிரில் கிடக்கிறாயே!

"ரெண்டு ரூம்ல ஒண்ணுக்கு வெந்நீர் போற வால்வு மூடிக்கிடக்கு. ஒத்தக்கால்ல எவ்வளவு தூரம்ணே ஓடும்? அதான் சூடேறி நின்னுடுது. தொறக்கப் போனா அண்ணி மறிக்கிறாங்க" என்றார்.

அதை மூடியது நான்தான். மகள் ஹாரினை எரியூட்டித் திரும்பிய அன்று, ஆளில்லாத அறைக்குச் சூடு எதற்கு என்று திருகிவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

என் கம்பளிக் காலுறைகள் அந்த அறையில் அவள் அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்து அனுப்ப வேண்டாம். இங்கே அவ்வளவு குளிரில்லை.

ஷிஃப்ட் மணி அடிக்கிறது. விடுப்பு உண்டா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்கள். கிடைத்தால் ஞாயிறு காலை வந்து நானே திறக்கிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும்.

ஹாரின் அப்பா