மான் தின்ற கொப்பி

உன் கல்வெட்டு என் மேசையில் கிடக்கிறது. முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த நினைவுப் புத்தகம். அச்சு மை வாசம் இன்னும் போகவில்லை. அட்டையில் நீ பட்டுச்சேலையோடு, நெற்றியில் பெரிய பொட்டோடு, உதட்டை இறுக மூடிக்கொண்டு இருக்கிறாய். பார்க்கச் சகிக்காமல் கவிழ்த்து வைக்கிறேன். பிறகு நானே நிமிர்த்துகிறேன். உயிரோடு இருந்த காலமெல்லாம் உன் வாயை ஒருவராலும் மூட முடியவில்லையடி. செத்த பிறகு ஸ்ரூடியோவில் கொடுத்து, கொம்பியூட்டரில் மூடிவிட்டார்கள்.

அந்தப் படத்தை எடுத்தது நான். என் தம்பியின் கலியாணம் முடிந்து, கட்டிய சேலையோடேயே நீயும் நானும் கடற்கரைக்கு நடந்த பின்னேரம். நீ வாங்கிய கடலைச் சரையை ஒரு மான் பின்னால் வந்து உன் கையிலிருந்தே பிடுங்கித் தாளோடு மென்றது. பஸ் நிலையத்திலும் கோட்டை வாசலிலும் ஆடுமாடு மாதிரி மான் படுத்துக் கிடக்கிற ஊர் எங்களுடையது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். நீ முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாய்.

"எடடி, எடடி படத்தை! இத்தனை வருசத்துக்குப் பிறகு சாட்சி கிடைச்சிருக்கு. இப்பவே சேருக்கு அனுப்பு!"

அனுப்பினோம். சேர் பார்த்தார். பதில் போடவில்லை.

சேர் என்றால் பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்குச் சேர்தான். நீ சனி ஞாயிறு கட்டைபறிச்சானில் உன் வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை காலை மூதூர் லோஞ்சில் கடல் தாண்டித் திரும்பி வருவாய். இறங்குதுறையிலிருந்து ஓடிவந்த மூச்சு அடங்காமல், உப்புத்தண்ணீர் தெறித்த வெள்ளைச் சட்டையோடு என் பக்கத்தில் வந்து குந்துவாய். கணக்கு மட்டும் செய்திருக்க மாட்டாய். அப்படியொரு திங்களில்தான் அவர் கேட்டார்.

"கொப்பி எங்க?"

"மான் திண்டிட்டுது, சேர்."

வேறு ஊரில் இந்தப் பொய் வாயிலேயே வராது. எங்கள் ஊரில் அதை யாரும் முழுப் பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அன்று முழுவதும் உன்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்.

அந்தத் தவணைப் பரீட்சை முடிந்து, திருத்திய விடைத்தாள்களை விறாந்தைக் கதிரையில் வைத்துவிட்டுச் சேர் தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வந்தவரின் கையில் எச்சில் வடிந்த பாதித் தாள்கள். வகுப்பின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையள், கொஞ்சப் பேரின்ர விடைத்தாளை... மான் திண்டிட்டுது."

நீ மட்டும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னாய்: "நீங்கள் சொன்னால் நான் நம்புறன், சேர்."

நாங்கள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. அதற்காக மணியடிக்கும் வரை உன்னைச் சுடுமணலில் முழந்தாளில் இருத்தினார். நீ அங்கேயிருந்தும் யன்னல் வழியாக எங்களைப் பார்த்து மான் அசைபோடுவதுபோல் வாயை அசைத்துக்கொண்டிருந்தாய். நான் மேசைக்குக் கீழே தலையைக் குனிந்து சிரித்துச் சிரித்து வயிறு நொந்தேன்.

டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன கதையை இங்கே எழுத மாட்டேன். இன்னும் மனம் தாங்கவில்லை. உன் கணவர் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. எல்லாம் அவருடைய தமையன் தலையில். அவர்தான் என் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, சின்ன வயசிலயிருந்து அவவைத் தெரிஞ்ச ஆள் நீங்கள்தான். கல்வெட்டுக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. நல்ல படம் இருந்தாலும் தாங்கோ."

நான் மான் கதையை எழுதினேன். கடற்கரைப் படத்தையும் கொடுத்தேன். ஊருக்காக எழுதவில்லை, உன் மகளுக்காக எழுதினேன். அவளுக்கு இப்போது மூன்று வயது. உன் குரலும் மணமும் அவளுக்கு எத்தனை நாளைக்கு நினைவிருக்கும்? எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயதில் அவள் கையில் இருக்கப்போகும் அம்மா இந்தப் புத்தகம்தான். அதில் ஒரு பக்கத்திலாவது நீ சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

புத்தகத்தைத் தொகுத்தது யார் தெரியுமா? நம்முடைய சேர். ஓய்வு பெற்ற பிறகு ஊரில் எந்தச் செத்த வீட்டுக் கல்வெட்டும் அவர் பார்வைக்குப் போகாமல் அச்சுக்குப் போவதில்லை.

சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துக் கொடுத்தார்கள். என் பக்கத்தைத் தேடி எடுத்தேன். மேலே என் பெயர். கீழே, 'அமைதியே உருவானவள். அதிர்ந்து பேசி அறியாதவள். அடக்கத்தின் இருப்பிடம்.' அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. மானைக் காணவில்லை. அட்டைப் படத்திலும் மானை வெட்டிவிட்டு உன் வாயை மூடியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புத்தகத்தோடு நேரே தமையனும் சேரும் இருந்த இடத்துக்குப் போனேன்.

"என்ர பேருக்குக் கீழ இதை ஆர் எழுதினது?"

"கோவிக்காதேங்கோ தங்கச்சி," என்றார் தமையன். "கல்வெட்டு எண்டால் ஒரு முறையிருக்கு. லண்டனுக்கும் கனடாவுக்கும் போற புத்தகம். பல்லைக் காட்டிக்கொண்டு படம் போட்டால் சனம் என்ன கதைக்கும்?"

"சனம் அவவோட சிரிச்ச சனம்தானே!"

சேர் என்னைக் கையமர்த்தினார். "பிள்ளை, செத்த வீட்டில மான் கதை எழுத ஏலுமே? அந்த ஆத்மாவுக்கு ஒரு மரியாதை வேணாமே?"

"மரியாதையோ, சேர்? சிரிச்சதுக்கு அண்டைக்கு முழந்தாளில இருத்தினீங்கள். இண்டைக்கும் விடமாட்டீங்களோ?"

பந்தலில் யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உதறினேன். அப்போதுதான் உன் மகள் வடையும் கையுமாக வந்து என் சேலையைப் பிடித்தாள். நான் வைத்திருந்த புத்தகத்தின் அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"இது ஆர்?"

பெரியப்பாதான் குனிந்து, மெல்லச் சொன்னார். "அம்மா, செல்லம். உங்கட அம்மா."

அவள் இன்னொரு தரம் பார்த்தாள். எண்ணெய் விரலால் அந்த மூடிய உதட்டைத் தடவினாள்.

"இல்லை. அம்மாட பல்லு எங்க?"

நான் போனைத் திறந்து கடற்கரைப் படத்தைக் காட்டினேன். "அம்மா!" என்று கத்தினாள். "அம்மாட கடலையை மான் திண்ணுது!" வாய் நிறைய வடையோடு சிரித்தாள். அசல் உன் சிரிப்பு. பந்தலில் இருந்த பாதிச் சனம் அழுதது. சேரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். துடைக்கட்டும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுமையில்லை.

மறுநாளே அந்தப் படத்தைப் பெரிதாக்கி, மானோடும் பல்லோடும் சட்டம் போட்டு, உன் வீட்டு முன்னறையில் கொழுவிவிட்டேன். நான் ஆணி அடித்து முடிக்கும்வரை தமையன் நின்று பார்த்தார். கழற்றினால் திரும்பவும் வந்து கொழுவுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் ஊரெங்கும் போன புத்தகங்களை நான் எப்படித் திருப்பி வாங்குவேன்? அலுமாரிகளுக்குள் நீ வாய்மூடி இருக்கப்போகிறாய். இந்தக் கோபம் ஆறாது. ஆறவிடப் போவதுமில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபமும் ஒரு பொய்யும்தான். உன் மகள் பள்ளிக்கூடம் போகட்டும். முதன்முதலாக அவள் கணக்குச் செய்யாமல் பயந்துபோய் நிற்கும் காலையில், கொப்பி எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுப்பேன்.