மருமகள் ஓட்டினால் மட்டும் நிற்கிற வண்டி

மார்ச் 3
பல வருஷங்களுக்கு முன், மின்சுற்றுப் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், பல்பு எரியலைன்னா எங்கயோ அறுந்திருக்குன்னு சொல்றீங்க. எரியுது, அணையுது, திரும்ப எரியுதுன்னா?" அணைகிற நேரத்தில் நீ பக்கத்தில் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றேன்.

இன்று அவள் நினைவு வரக் காரணம் எங்கள் பழைய பிக்கப். மருமகள் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வாங்கி வந்து, துவைத்துத் தேய்த்து, அந்த வண்டியில் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வழியில் வண்டி செத்துவிட்டதாம். டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட இல்லை. பேட்டரியைப் பார்க்க இறங்கிப் பின்னால் போனாள். திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பிவிட்டது.

மார்ச் 5
வண்டி எலக்ட்ரீஷியன் வந்தார். உயரத்துக்காக எல்லோரும் அவரை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுகிறோம். அவரும் திரும்பிப் பார்க்கிறார். பேட்டரி முனைகளைச் சுரண்டினார், ஃபியூஸ்களை மாற்றினார், ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார்.

"பிள்ளை மாதிரி ஓடுது டீச்சர்."

இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் கைகட்டி உட்காரும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். நம்பவில்லை.

மார்ச் 8
மறுபடியும் நின்றது. விரிப்புகள் தாமதம். விடுதி மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

மார்ச் 9
ஞாயிறு. மகன் நாள் முழுவதும் ஓட்டினான். நிற்கவே இல்லை.

மார்ச் 10
ஒட்டகம் சாவி சுவிட்சையே மாற்றிப் போட்டார். மாலையில் அவள் எடுத்துப் போனாள். பாலத்துக்கு முன்னால் நின்றது.

"நான் ஓட்டினா ஓடுது, ஒட்டகம் ஓட்டினா ஓடுது. அப்ப கோளாறு எங்க இருக்கு? கிளட்சை அரைகுறையா மிதிக்கிறே, இஞ்சின் ஆஃப் ஆகுது. அவ்வளவுதான்" என்றான் மகன்.

"கிளட்ச் விட்டா விளக்கும் அணையுமா?"

"நீ பதட்டத்துல எதையாவது தட்டியிருப்பே."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் மாமியார் நான் சும்மா இருக்கிறேன். என் பிள்ளை அந்த வேலையைப் பார்க்கிறான்.

மார்ச் 12
அடுத்த மாதத்திலிருந்து டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்று மகன் சொல்லிவிட்டான். அவள் வண்டிச் சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

"அழுதுகிட்டே பழகின வண்டி அத்தை அது. ரிவர்ஸ் எடுக்கிறப்ப எத்தனை பேர் சிரிச்சாங்க. இப்ப எவனோ ஓட்டுவான், நான் இங்க உட்கார்ந்து மூட்டை கட்டணுமா?"

வண்டிதானே என்றால் பொய். அந்தச் சாவி கைக்கு வந்த பிறகுதான் அவள் யாரிடமும் கேட்காமல் வெளியே போகிறாள்.

ஒருவேளை கிளட்சைத்தான் சரியாக— சே. எனக்கே இப்படித் தோன்றுகிறதே.

மார்ச் 13
நாளை நானும் வண்டியில் போகிறேன்.

மார்ச் 14
நின்றது! தபால் நிலையத் திருப்பத்தில், என் கண்ணெதிரே.

"பாத்தீங்களா அத்தை! பாத்தீங்கல்ல!" வண்டி நின்றதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட டிரைவரை நான் கண்டதில்லை. வழக்கம்போல் இறங்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இறங்காதே. எதையும் மாத்தாதே. நான் சொல்றதை ஒண்ணொண்ணா செய்."

சாவியை ஆட்டினாள். ஒன்றுமில்லை. ஃபியூஸ் பெட்டியைத் தட்டினாள். ஒன்றுமில்லை. பின்னால் ஒருவர் ஹாரனிலேயே கை வைத்திருந்தார். இத்தனை நாளும் என்ன செய்த பிறகு கிளம்பியது? இறங்கி ஏறிய பிறகு.

"கொஞ்சம் எந்திரி. சீட்டை விட்டு மட்டும்."

எழுந்தாள். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"உட்கார்."

அணைந்தது.

எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். தோப்புக்கரணம் போடுகிற பிள்ளையைப் போல. எரிந்தது, அணைந்தது, எரிந்தது. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஹாரன்காரர் இறங்கி வந்து, "ஏம்மா, உடற்பயிற்சி செய்ய வேற இடமே கிடைக்கலையா?" என்றார். அவரே ஓரமாகத் தள்ளியும் விட்டார்.

சீட்டுக்கடியில் கைவிளக்கு அடித்துப் பார்த்தோம். பேட்டரியிலிருந்து சாவிக்கு வருகிற வயர் அந்த வழியாகத்தான் போகிறது. எப்போதோ, யாரோ அதை அங்கே வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். இவள் குள்ளம், பெடல் எட்டுவதற்காகச் சீட்டை முன்னால் கடைசிவரை இழுத்துப் போடுகிறாள். அப்போது சீட்டின் ஸ்பிரிங் சரியாக அந்த முறுக்கின் மேல் வந்துவிடுகிறது. பாரம் அமுக்க, மேடு பள்ளத்தில் அது விட்டுப்போகிறது; இறங்கினால் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. முன்பெல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகும் அடுத்த பள்ளம் வரை தாங்கியது, இன்று அதுவும் தாங்கவில்லை.

மகனும் ஒட்டகமும் ஏறியவுடன் செய்த முதல் வேலை என்ன? நெட்டைக் கால்களை மடக்க இடமில்லாததால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியது. கோளாறைத் தேடப் போனவர்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தேடியிருக்கிறார்கள்.

மார்ச் 15
ஒட்டகம் புது வயர் போட்டு, பற்றவைத்து, உறை மாட்டி, ஸ்பிரிங்குக்கு எட்டாத இடத்தில் கட்டிவிட்டார். சீட்டை முன்னால் இழுத்துவிட்டு, "நீங்களே உட்கார்ந்து பாருங்கம்மா" என்று அவளைத்தான் கூப்பிட்டார். அவள் முதுகு சாய்த்து, வேண்டுமென்றே நாலு குதி குதித்தாள்.

மகன் இரவுச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்தே, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"எப்படி?" என்றாள் அவள். விடுவாளா!

"கிளட்ச்… அது இது…"

"டிரைவர்?"

"அதுவும்தான்."

ஏப்ரல் 19
பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மகன் பிக்கப்பைக் கழுவிக் கொட்டகைக்குள் விடுகிறான். முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்க, வெட்டுக்கிளி மாதிரி உட்கார்ந்திருக்கிறான். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளேன்டா என்றேன்.

"வேணாம்மா. காலைல அவ சீக்கிரம் போகணும். புது விடுதி."

யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வண்டி மக்கர் செய்கிறது என்று ஒருவர் சொன்னால், சீட்டைத் தொடாதீர்கள். அவர் விட்டுப்போன இடத்திலேயே, முட்டி இடித்தாலும், உட்கார்ந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.