நுரை தள்ளிய காளை

கொழிஞ்சாம்பாறை
10-7-1974

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை நாச்சம்மாள் வணங்கி எழுதுவது. மருதமலையான் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். சூரியநெல்லியில் மழை எப்படி? தேயிலை ஃபேக்டரி ஈரத்திலேயே நின்று இருமலை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். சொன்னால் கேட்கவா போகிறீர்கள்!

உங்கள் மகன் துரைசுவாமி ஆக்ரா பட்டாளத்திலிருந்து ராமலட்சுமிக்கு அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. பஞ்சுக்குள்ளே வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு படுத்த காளை. உள்ளங்கையில் அடங்குகிறது. வெயிலில் பிடித்தால் காதுக்குள் வெளிச்சம் தெரிகிறது. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு நந்தியை அனுப்பியிருக்கிறானே என்று எனக்குக் கண் நிறைந்தது. இவளோ, "அது அலமாரியில வெக்கற பொம்மைங்கம்மா. மச்சான் எனக்குத்தானுங்க அனுப்புனாங்க, சிவனுக்கா?" என்கிறாள். தை மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தபின் அந்த வாயை நீங்களே அடக்குங்கள்.

பூஜையில் பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிட்டேன். இனிப் பிரதோஷம்தோறும் அபிஷேகம் உண்டு.

உங்கள் அன்புத் தங்கை
நாச்சம்மாள்


கொழிஞ்சாம்பாறை
30-8-1974

அண்ணனுக்கு,

ராமலட்சுமிக்கு நேற்று வண்டித்தாவளத்தில் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. தாய்மாமன் இல்லாமல் தாலி ஏறிய பாவம் என்னுடையது. அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்.

காரணத்தைக் கேளுங்கள். நான் எதையும் நோட்டில் குறிக்காமல் விடுவதில்லை. ஆடி ஒன்று, பிரதோஷம்: எலுமிச்சம்பழச் சாறு விழுந்ததும் நந்தியின் வாயோரம் நுரை. ஆடி பதினாறு: மறுபடி நுரை. ஆடி முப்பது: நுரையோடு முகத்தின் பளபளப்பும் போய் உப்புக்கல்லாய்ச் சொரசொரத்தது. அதே சாறுதான் பக்கத்துக் கருங்கல் பிள்ளையாருக்கும். அவருக்கு ஒன்றுமில்லை. துரைசுவாமி கொடுத்தது மட்டும் மூன்று தரம் நுரை தள்ளினால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சிவனே சொல்வதுதானே?

வீட்டுக்காரர், "உங்க அண்ணனை ஒரு வார்த்தை கேளு" என்றார். கேட்டால் தடுப்பீர்கள். அந்தப் பயத்தில் கேட்கவில்லை. "கல்லுக்கு வாயிருந்தா நானே கேட்டுக்குவனுங்க" என்றாள் பெண். அதையும் காதில் வாங்காமல் நாள் குறித்துவிட்டேன்.

நாச்சம்மாள்


சூரியநெல்லி
7-9-1974

நாச்சம்மா,

கடிதத்தைப் படித்துவிட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஊர்ல எதுவும் துக்கமாண்ணே?" என்று, ஃபேக்டரித் தரை பூச வந்திருந்த கொத்தனார் மத்தியாஸ் ஓடிவந்தார். மூணாற்றில் கல்லறைகளுக்குச் சலவைக்கல் பதிக்கிறவர். படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சலவைக்கல் சில்லை எடுத்து வைத்து, கேண்டீனில் எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்தார். நுரைத்தது.

"சலவைக்கல்லும் சுண்ணாம்பு வகைதாண்ணே. புளிப்பு பட்டாப் பொங்கும், அரிக்கும். கருங்கல்லு அசையாது. இப்பிடிப் பொங்குச்சுன்னா தம்பி ஏமாறாம அசல் கல்லா வாங்கியிருக்கான்னு அர்த்தம்" என்றார்.

அந்தச் சில்லை இதோடு வைத்திருக்கிறேன். நீயே பிழிந்து பார். துரைசுவாமி தீபாவளிக்கு லீவு வாங்கிவிட்டான். அவனுக்கு நான் என்ன எழுதட்டும்? மகனே, நீ அசல் கல்லாகப் பார்த்து வாங்கியதுதான் குற்றம் என்றா?

வெங்கிடாசலம்


கொழிஞ்சாம்பாறை
15-9-1974

அண்ணா,

பிழிந்தேன். சில்லு நுரைத்தது. அடுப்படியில் உட்கார்ந்து மறுபடியும் மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தார்கள். "என்னுங்கத்தை, கல்லைப் போய்க் கழுவறீங்க?" என்று மாப்பிள்ளை சிரித்தார். நல்ல பிள்ளை, அவருக்கு ஒன்றும் தெரியாது. ராமலட்சுமி உங்கள் கடிதத்தை எடுத்து முழுவதும் படித்தாள். மடித்து என் மடியில் வைத்தாள். "கழுவலீங்க. எங்கம்மா கல்லுகிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க" என்று சொல்லி அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

புறப்படும்போது வாசலில், "மச்சானுக்கு ஆரு சொல்றது?" என்று கேட்டாள்.

சாமி வாயே திறக்கவில்லை, அண்ணா. நான்தான் பேசியிருக்கிறேன், மூன்று பிரதோஷமும்.

அவனுக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். அவன் வருகிற தேதியை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். கடிதத்தில் செய்தது போதும். நேரில் நின்று சொல்கிறேன். நீங்கள் உள்ளே கூப்பிடாவிட்டாலும் சரி, அவன் வந்து இறங்கும் பஸ் நிறுத்தத்திலேயே நின்று சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.

நாச்சம்மாள்