எதிர்த்தரப்பின் நாற்காலி

2025 ஜனவரி 19, ஞாயிறு

மின்சாரம் இல்லை. அண்ணன் இன்றும் செய்தித்தாளோடு வாதாடினார், செய்தித்தாள் தோற்றது.

எண்பத்தாறு வயதிலும் அவருக்குக் குரல் மட்டும் தேயவில்லை. ஷான் மலையின் எல்லை ஊரில் நீதிபதியாக இருந்த காலத்துக் குரல் அது. ஓய்வுக்குப் பின் அதே மலையில் தேர்தலில் வென்று மாநில அவைக்குப் போனார். மலை தனி நாடாகப் பிரியக் கூடாது என்று அங்கே ஒற்றை ஆளாக நின்று பேசினார். அடுத்த தேர்தலில் தோல்வி. வீட்டுக் கூரை மேல் கல். பிறகு பேரன் நரேஷோடு யாங்கோனுக்கு வந்து தங்கை என்னிடம் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் தப்பித்தேன் என்று நான் நினைத்திருந்த சமயம் அது.

ஜனவரி 26

முரளிதரன் வந்தான். கோயில் கமிட்டிக்காரன். வார்டு அலுவலகத்துக்கும் நமக்கும் நடுவில் தானே பாலம் என்று சொல்லிக்கொள்வான். அந்தப் பாலத்தைக் கடந்தவர்களைவிட அதிலிருந்து விழுந்தவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

"சயாஜீ" என்று, பர்மியர் மூத்தவர்களை அழைப்பதுபோல் தொடங்கினான். "அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி ஒன்றிய தினம். மேடையேறி, பிரிவினை தப்புன்னு நாலு வார்த்தை. வாழ்நாள் பூரா நீங்க சொன்னதுதானே?"

பிறகு, தேநீரை ஆற்றியபடி: "நரேஷ் தம்பி பேரு பட்டாளத்துக்கு எடுக்குற வரிசையில வந்திருக்கு. நீங்க பேசினா பேரு போயிடும்."

நரேஷுக்கு இருபத்தொன்பது வயது. மிங்கலா தாங்ஞுன்ட் ரயில் நிலையத்தருகே செல்பேசி பழுதுபார்க்கிறான். ஒரு கொசுவை அடிக்கவே மூன்று முறை யோசிக்கிறவன்.

"பேசுறேன்" என்றார் அண்ணன். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

முரளிதரன் போன பின் கேட்டேன்: "கல்லடி பட்டப்பகூட நீங்க விலைக்குப் பேசலையே, அண்ணா?"

"பேரன் இருக்கான், கனகு."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? நம்பிக்கையால் சொன்ன ஒன்றை மிரட்டலுக்காகவும் சொல்லிவிட்டால், முன்பு சொன்னது எதற்காக என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

பிப்ரவரி 3

கீழ்வீட்டுப் புஷ்பாவின் மகனைத் தேநீர்க் கடையிலிருந்தே பட்டாளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சென்ற மாதம்தான் அவள் கணவர், இதே முரளிதரனின் இதே வாக்கை நம்பி, அரசாங்க ஊர்வலத்தில் கொடி பிடித்தார். பசுந்தாங் சந்தை வரை கேட்கும்படி அழுதாள். அண்ணன் மாடிப்படியில் நின்று முழுவதையும் கேட்டார். திரும்பி வந்து அன்றைய செய்தித்தாளைப் பிரிக்காமலே ஒதுக்கி வைத்தார்.

பிப்ரவரி 8

முரளிதரனிடம் அண்ணன் ஒரே நிபந்தனை வைத்தார். மேடையில் தம் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும். யாரோ பெரிய அதிகாரி வரப்போவதாக நினைத்திருப்பான், மகிழ்ச்சியோடு தலையாட்டினான்.

எனக்கு மட்டும் அந்த நாற்காலி எதற்கென்று பிடிபட்டது. அது அண்ணனின் பழைய நீதிமன்ற வழக்கம். மழைக்காலத்தில் மலைப்பாதை அறுந்துவிடும்; வழக்காடுகிறவர்களில் ஒருவர் இறங்கி வர முடியாது. வராதவருக்கு ஒரு நாற்காலி போட்டு, அவருடைய வாதத்தை முதலில் அண்ணனே எடுத்துச் சொல்வார். வந்தவர் தமக்குத் தோல்விதான் என்று வியர்க்கும் அளவுக்குச் சொல்வார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். மரச்சாமானுக்கு வக்கீல் வைத்த நாடு இது ஒன்றுதான் என்று அன்று கேலி செய்திருக்கிறேன்.

நரேஷ் மண்டபத்துக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஏன்?

பிப்ரவரி 12, புதன்

எழுதக் கூடாது. எழுதுகிறேன். வார்டு அலுவலகத் தரப்பில் தமிழ் படிக்கக்கூடியவன் முரளிதரன் ஒருவன்தான்; அவனும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

மண்டபம் நிறைந்திருந்தது. அலுவலக ஊழியர், தெருமுனைக் காவல் ஆட்கள் எல்லாரையும் கட்டாயமாக வரச்செய்திருந்தார்கள். அண்ணன் எழுந்து காலி நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"பிரியக் கூடாது என்று பேச என்னை அழைத்தீர்கள். பிரிய விரும்புகிறவர்களை அழைக்கவில்லை. என் மன்றத்தில், வராதவர் தரப்பு முதலில்."

பிறகு பேசினார். பாதை கேட்டோம், பட்டாளம் வந்தது. பள்ளிக்கூடம் கேட்டோம், அதில் பட்டாளம் தங்கியது. சேர்ந்து வாழ்வது ஓர் ஒப்பந்தம்; அதை முதலில் மீறியவர் யார்? தம் வீட்டின் மேல் கல்லெறிந்தவர்களுக்காக, எறிந்தவர்களே வெட்கப்படும்படி பேசினார். முரளிதரனின் முகம் பிசைந்த மாவு போலாகிவிட்டது. ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். அந்தக் குரலுக்கு அது எதற்கு? கடைசி வரிசைவரை கேட்டது.

இரண்டு பேர் தோளைப் பிடித்து இறக்கினார்கள். என்னைக் கடக்கும்போது தமிழில் சொன்னார்: "கனகு, என் தரப்பு இன்னும் பாக்கி."

வீடு திரும்பினேன். நரேஷின் படுக்கை மடித்திருந்தது. கடையும் பூட்டு. தேயிலை ஏற்றிவரும் வாஜித்தின் லாரி, தெருமுனையில் காவல் ஆளில்லாத காலைப்பொழுதில், அவனையும் ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பிப் போயிருக்கிறது. எந்த மலை? பிரியக் கூடாது என்று அண்ணன் கல்லடி பட்ட அதே மலை. இப்போது அங்கே அரசாங்கத்தின் கை எட்டாது.

அடப்பாவி மனுஷா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? சொல்லியிருந்தா நான் தடுத்திருப்பேனா? — தடுத்திருப்பேன்.

பிப்ரவரி 13

அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை. இரத்த அழுத்த மாத்திரை இங்கே மேசைமேல் இருக்கிறது.

பிப்ரவரி 15

முரளிதரன் ஒரு யோசனையோடு வந்தான். "அக்கா, அண்ணனுக்குப் புத்தி தடுமாறிப்போச்சுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே வீட்டுக்கு வந்துருவாரு. என் கழுத்தும் தப்பும்."

பேனாவை எடுத்தேன். ஆம், எடுத்தேன். நான் கொள்கைக்காகப் பட்டினி கிடக்கிற பெண் அல்ல, பௌதிகம் கற்பித்தவள். கிழவர் ஒருவர் மருந்தில்லாமல் எத்தனை நாள் தாங்குவார் என்பது எனக்குக் கணக்கு. ஆனால் கையெழுத்திட்டால், மன்றத்தில் சொன்னதும் அவையில் சொன்னதும் கிழவனின் உளறலாகிவிடும். எல்லாம் போய்விடும்.

"திங்கட்கிழமை அலுவலகத்துக்கே வர்றேன்" என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

அதிகாரிக்கு என் மாணவர்களின் பிள்ளைகள் வயது. அவனுக்கு, முரளிதரனுக்கு, எனக்கு என்று மூன்று நாற்காலிகள்.

"இன்னொன்று போடுங்கள்" என்றேன்.

"யாருக்கு, அம்மா?"

"என் அண்ணனுக்கு. அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி முடிவு செய்கிறீர்கள் அல்லவா?"

முரளிதரன் என் முந்தானையை இழுத்தான். "ஐயோ அக்கா, நீங்களுமா!"

நான் பேசினேன். அண்ணனைப் போல் அழகாக அல்ல. வகுப்பில் போல, வரிசையாக. நரேஷ் எங்கே என்று கேட்டார்கள். வராதவர்களின் தரப்பை ஒவ்வொன்றாகத்தான் சொல்ல முடியும் என்றேன். வெகுநேரம் கழித்து அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, தானே எதையோ எழுதி முத்திரை குத்தினான். முரளிதரன் எட்டிப் பார்த்து என் காதில் சொன்னான்: "குடும்பத்துக்கே புத்தி சரியில்லைன்னு எழுதிட்டாரு."

கையெழுத்து நான் போடவில்லை. பின்னறையிலிருந்து அண்ணனை நடத்திக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்திருந்தது. அந்த நான்காவது நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

டாக்சியில் முதல் சொல்: "அவங்க தரப்பை நீ சொல்லவே இல்லையே, கனகு."

மார்ச் 9

வாஜித் மூலம் சேதி. நரேஷ் நலம். அங்கேயும் செல்பேசிதான் பழுதுபார்க்கிறான். 'இவர்கள் தனியாகப் போவதே நியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது. தாத்தாவிடம் சொல்ல வேண்டாம்' என்றானாம். சொன்னேன்.

அண்ணன் நெடுநேரம் கஞ்சியைக் கிளறினார். குரல் இப்போது பாதிதான் வருகிறது.

சாப்பாட்டு மேசையில் நரேஷின் நாற்காலியை ஓரமாகப் போடலாமா என்று கேட்டாள் உதவிக்கு வந்த புஷ்பா. அண்ணன் கையை உயர்த்தித் தடுத்தார். அதன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"முதல்ல அவன் தரப்பு" என்றார். "அப்புறம் நான்."