எழுதியவள் நீ, தைத்தவள் நான்

சந்திப்பில் கொடுத்த துணிப்பையின் காது ஐந்தாவது நாளே பிய்ந்துவிட்டது. பாசாரில் ஒரு கட்டுக் கீரையும் இரண்டு தேங்காயும்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து காரிலிருந்து தூக்கினால் காது என் கையில், பை தரையில், தேங்காய் பக்கத்து வீட்டு வாசலில். திருப்பிப் பார்த்தேன். ஒற்றைத் தையல் போட்டிருக்கிறார்கள், முனையில் முன்னும் பின்னும் ஓட்டிக் கட்டவில்லை, நூலும் மட்டம். ஒரு தையல்காரி வருகிறாள் என்று தெரிந்திருந்தும் இந்தப் பையைக் கொடுக்க அவர்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ. வந்த கோபத்தில் கைப்பேசியை எடுத்து உன்னை அழைக்கப் போனேன். எண்ணைத் தேடும்போதுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எட்டு மாதம் ஆகிறது. இன்னும் இப்படித்தான் மறந்து மறந்து நினைக்கிறேன்.

என்ன பை, என்ன சந்திப்பு என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து என் வேலை இல்லை, உன் வேலை. வாக்கியம் கோணினால் பொறுத்துக்கொள்.

நாம் பார்த்துக்கொண்ட முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். மலாக்கா டவுனில் பாய் துணிக்கடை, தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. நீலத்தில் மயில் போட்ட துணி, நான்கு மீட்டர், அந்தச் சுருளில் கடைசித் துண்டு. ஒரு முனை என் கையில், மறுமுனை உன் கையில். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கம்மா, நான் பஞ்சாயத்துக்கு வரல" என்றார்.

"நீங்க என்னா தைக்கப் போறீங்க?" என்று கேட்டாய்.

"பாஜு கூரோங். வேலைக்குப் போட்டுட்டுப் போக. நீங்க?"

"ஒண்ணுமில்ல. கலர் நல்லாருக்குன்னு புடிச்சேன். எனக்கு ஒரு பட்டன்கூட தைக்கத் தெரியாது."

"அப்ப விடுங்க" என்றேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இப்படியா பேசுவது? என் வாய் அப்படி. வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நீ கடை அதிரச் சிரித்தாய். துணியை விட்டாய். விட்டதோடு நிற்காமல், "வாங்க, பசியாறலாம். இவ்ளோ ரோஷமான பொம்பளைய நான் பாத்ததே இல்ல" என்று இழுத்துக்கொண்டு போனாய். நீ சுங்கை ரம்பாய், நான் மஸ்ஜித் தானா. மாநிலத்தின் அந்தக் கோடியும் இந்தக் கோடியும் நடுவில் டவுனில் உட்கார்ந்து தோசை தின்றன. அதற்குப் பிறகு நமக்குச் சனிக்கிழமை என்றால் டவுன்தான்.

அந்த மயில் துணியை நான் வெட்டியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மலாய்ப் பெண்களின் நீளச் சட்டையான பாஜு கூரோங்கிற்குத் தோளில் தையல் கிடையாது. துணியைக் குறுக்கே இரண்டாக மடித்து, மடிப்பில் கழுத்தை வெட்டினால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே துண்டாக வந்துவிடும். மலாய்க்காரர்கள் பூப்போட்ட துணியில் தைப்பார்கள். பூவுக்குத் தலை எது, கால் எது? தீபாவளிக்கு மயில்தான் வேண்டும் என்று நின்றவள் நான். தைத்து முடித்து, தேய்த்து, கிளினிக்கிற்குப் போட்டுக்கொண்டு போனேன். கவுண்டரில் என் பக்கத்து நாற்காலியில் இருக்கும் காக் யா, நான் கோப்பு எடுக்கத் திரும்பியதும் ஒரே கூச்சல். "அலாமா! பின்னால இருக்கிற பறவையெல்லாம் ஏன் தலைகீழா நிக்குது?" என்று மலாயில் கேட்டாள். அன்று முழுக்க சுவரை ஒட்டியே நடந்தேன்.

சனிக்கிழமை உன்னிடம் சொல்லி, துணிதான் சரியில்லை என்று மயில்மேல் பழியைப் போட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாய். பிறகு என்னை ஆற்றங்கரைச் சுவரோரம் நிறுத்தி முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுத்தாய். மறுநாள் கைப்பேசியில் ஒரு இணைப்பு வந்தது. திறந்து பார்த்தால் வலைப்பதிவு. பெயர் 'சனிக்கிழமைத் தையல்'. முதல் வரி: "முன்னால் பார்த்தால் மயில், பின்னால் பார்த்தால் வௌவால். தைத்தது நானேதான்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யார கேட்டு போட்ட? ஊரே சிரிக்கட்டும்னா?" என்று போனில் கத்தினேன். நீ பதறவே இல்லை. "மூணு பேரு கீழ எழுதியிருக்காங்க, படிச்சிட்டு அப்பறம் திட்டு லா." படித்தேன். மூன்று பேரும் தாங்களும் இதே தப்பைச் செய்ததாக எழுதியிருந்தார்கள். ஒருத்திக்கு யானை, ஒருத்திக்கு விளக்கு, இன்னொருத்திக்கு மாங்காய். விளக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு நாத்தனார் கல்யாணத்துக்கே போய் வந்திருக்கிறாள். அதற்கப்புறம் நான் எங்கே திட்டுவது.

ஐந்து வருடம் நடத்தினோம். நான் தைப்பேன், நீ படம் எடுப்பாய், நீ எழுதுவாய். 'நான் வெட்டினேன், நான் பிரித்தேன்' என்று என் வாயாக எழுதுவாய். வக்கீல் அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் வழக்கை மலாயில் தட்டச்சு செய்துவிட்டு, வீடு போகும் பஸ்ஸில் என் தப்புகளைத் தமிழில் தட்டுவாய். உன் பெயரையும் போடு என்று எத்தனை தரம் சொன்னேன். "பேரு போட்டா சொந்தக்காரங்க எல்லாம் பிளவுஸ் துணிய தூக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடுவாங்க. நான் எங்க போவேன்?" என்பாய். நானும் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. மயில் எல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

வாசகர்களுக்குப் பதில் போட்டதும் நீதான். யாராவது கேள்வி கேட்டால் உடனே என்னை அழைப்பாய். "ஒருத்தவங்களுக்கு கக்கத்துல இழுக்குதாம், என்னா செய்யணும்?" நான் சட்டென்று, "கக்கத்துத் துண்டு சின்னதா வெச்சிருப்பாங்க, பிரிச்சி பெருசா வைக்கச் சொல்லு" என்று சொல்லிப் போனை வைப்பேன். நீ அதைப் பத்து வரியாக்குவாய். முதலில் அவர்கள் எடுத்த நிறத்தைப் பாராட்டுவாய், பிறகு எனக்கும் இப்படி ஆனது என்பாய், கடைசியில்தான் பிரிக்கச் சொல்வாய். ஊரில் பலர் என்னை ரொம்பப் பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது உன்னால் வந்த பேர்.

பிறகு நீ டெங்கிக் காய்ச்சலில் படுத்தாய். ஒன்பது நாள். எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

வலைப்பதிவு அப்படியே நின்றது. நான் மட்டும் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்ததை மடித்து அலமாரியில் வைத்தேன். மூன்று மாதம் கழித்து வலைப்பதிவின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டலில் தமிழ் வலைப்பதிவர் சந்திப்பு. 'சனிக்கிழமைத் தையல்' எழுதும் சகோதரி வந்து தனக்குப் பிடித்த ஒரு பதிவை வாசித்து, எழுதுவதைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

எழுதும் சகோதரி எங்கே இருக்கிறாள்? போகாவிட்டால் மரியாதை இல்லை. போனால் உன் எழுத்துக்கு நான் மாலை வாங்கிக்கொண்டு வர வேண்டும். உண்மையைச் சொன்னால் ஐந்து வருடமாக ஏமாற்றினீர்களா என்று கேட்பார்கள். உன்னைப் பொய்க்காரி என்று ஒருத்தர் சொன்னாலும் எனக்குத் தாங்காது. வாரக்கணக்கில் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், "போ, போயி உள்ளத சொல்லு. சண்ட போட்டாங்கன்னா சாப்பாட்ட சாப்டுட்டு வந்துரு" என்றார். அவருக்கு எதற்கும் சாப்பாடுதான் மருந்து. ஆனாலும் அந்தப் பேச்சில்தான் தைரியம் வந்தது.

எதைப் போட்டுக்கொண்டு போனேன் தெரியுமா? மயிலைத்தான். புதுசாக நான்கு உடை தொங்குகிறது, கை அதற்குத்தான் போயிற்று.

மண்டபத்தில் பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள். சாப்பாடு, சுற்றுலா, குழந்தை வளர்ப்பு, ஜோசியம் என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். பாத்தேக் சட்டை போட்ட ஒருவர், என் வயதுதான் இருக்கும், "நீங்க என்னா செய்றீங்க?" என்று கேட்டார். தையல் என்றேன். "கடை வெச்சிருக்கீங்களா? வகுப்பு எடுக்குறீங்களா?" இல்லை என்றேன். "ஓ, பொழுதுபோக்கு மட்டும்தானா" என்றார். "'மட்டும்தானா'வ எடுத்துட்டுச் சொல்லுங்க சார்" என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் தொடையில் கிள்ளியிருப்பாய்.

ஏற்பாட்டாளர்களில் ஒரு பெண் வந்து, "ஆன்ட்டி, சாப்பாட்டுக்கு முன்னால உங்க டைம்" என்று மேடைக்குக் கூட்டிப் போனாள். மயில் பதிவை வாசித்தேன். 'வௌவால்' என்ற இடத்தில் மண்டபமே சிரித்தது. "திரும்பிக் காட்டுங்கக்கா!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். திரும்பினேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். முடித்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. உன் வரிக்கு விழுந்த கைதட்டல் அது. நான் அங்கே நின்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் ஒலிவாங்கியைப் பிடித்து, "ஆன்ட்டி, இவ்ளோ சுவையா எழுத எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

உன்னிடம் உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு நொடி சபலம் வந்தது. நிறையப் படிப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறங்கிப் போய்ச் சாப்பிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் எனக்கே என்மேல் கோபம் வந்துவிட்டது.

"நான் எழுதலம்மா. நான் தைச்சவ. இத எழுதுனவ இப்ப உயிரோட இல்ல" என்றேன். உன் பெயரைச் சொன்னேன். அடையாள அட்டையில் இருப்பதுபோல உன் அப்பா பெயரையும் சேர்த்து, இன்னாரின் மகள் என்று முழுசாகச் சொன்னேன். சுங்கை ரம்பாய் என்றும் சொன்னேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். மூவாரிலிருந்து வந்தவர் என்று பிறகு தெரிந்தது. நான் பயந்தது வந்தேவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப எனக்கு பதில் போட்டது யாரு?" என்றார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நானே பிளவுஸ் தைச்சி, கெடுத்துட்டு, அழுதுகிட்டே எழுதுனேன். நாலு நாள் விடாம எனக்கு பதில் போட்டாங்க. அது நீங்க இல்லியா?"

"இல்லம்மா. அவதான். என்னைக் கேட்டுப்பா. நான் ரெண்டு வார்த்த சொல்லுவேன். மிச்சமெல்லாம் அவ மனசு."

"அவங்களுக்குத் தைக்கத் தெரியாதா?"

"பட்டன்கூட தைக்கத் தெரியாது."

அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எனக்கு அப்பவே தோணுச்சு. இவ்ளோ பொறுமையான தையக்காரி உலகத்துல இருக்க மாட்டாளேன்னு." மண்டபம் மறுபடியும் சிரித்தது. பிறகு அவரே முதலில் கைதட்டினார். ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். இந்த முறை யாருக்குத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன்னை நினைத்துப் பெருமை. பட்டன் தைக்கத் தெரியாத ஒருத்தி இத்தனை பேரைத் தைக்க வைத்திருக்கிறாளே என்று. என்னை நினைத்தும் பெருமைதான், அதை ஏன் மறைப்பது. உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வந்ததே.

இறங்கும்போது அந்தப் பெண் கேட்டாள், "அப்ப இனிமே யாரு ஆன்ட்டி எழுதுவா?" யோசிக்கவே இல்லை. "நான்தான், வேற யாரு" என்றேன். சாப்பாட்டை விடவில்லை, கோழிப் பிரட்டல் நன்றாக இருந்தது. கிளம்பும்போது என் கையில் கொடுத்ததுதான் அந்தப் பை.

வந்த மறுநாளே தொடங்கினேன். பழைய பதிவு ஒவ்வொன்றையும் திறந்து, கீழே 'தைத்தவர்' என்று என் பெயர், 'எழுதியவர்' என்று உன் பெயர். மூன்று நாள் பிடித்தது, ஏனென்றால் திறந்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். நீ எவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அப்போதெல்லாம் படத்தில் தையல் நேராக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்.

"தப்பு எங்கன்னு முதல்ல சொல்லிடு. சரியானத மெதுவா சொல்லலாம்" என்பாய். இன்று என் முதல் பதிவை அப்படித்தான் தொடங்கினேன். ஐந்து வருடமாக இந்தப் பக்கத்தில் ஒரு பெயர் விடுபட்டிருந்தது, அது என் தப்பு என்று. அதற்குப் பிறகு உன்னைப் பற்றி எழுதினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. பிரித்துப் பிரித்து எழுதினேன், பிரிக்க எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து கீழே வந்தேன். 'தைத்தவர்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். 'எழுதியவர்' என்ற இடத்தில் விரல் தானாக உன் பெயரை அடித்தது. அழித்தேன். மறுபடியும் உன் பெயரே வந்தது. அழித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், பாத்திரம் கழுவினேன், வந்து உட்கார்ந்தேன். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பதிவை வெளியிட்டேன். நீ இருந்திருந்தால் ஒன்பது பிழை கண்டுபிடித்திருப்பாய், ஒன்றைக்கூடத் திருத்த விட்டிருக்க மாட்டாய், தப்போடு இருந்தால்தான் அது என் எழுத்து என்பாய்.