வரிசையில் நின்ற மெக்கானிக்

நேற்று லண்டனில், ரெய்னர்ஸ் லேனில், பழைய சாமான் விற்கும் ஒரு சரிட்டி கடையில் உங்கள் புத்தகத்தைக் கண்டேன். அட்டையில் விண்வெளி உடுப்போடு சிரித்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் இறந்து நான்கு மாதமாகிறது. பத்திரிகைகள் புகழ்ந்து ஓய்ந்துவிட்டன. நான் புகழ வரவில்லை.

உங்கள் சுயசரிதையைத் தட்டச்சுச் செய்தவள் நான். ஹரோவிலிருந்து ரயில் பிடித்து உங்கள் வீட்டுக்கு வருவேன். நீங்கள் சொல்லச் சொல்ல அடிப்பேன். விண்வெளியில் கழித்த மாதங்களை அலுக்காமல் சொன்னீர்கள். அதற்கு முந்திய கடற்படைக் காலத்தைக் கேட்டால் மட்டும் அவசரமாகக் கடந்துபோவீர்கள்.

ஒரு மத்தியானம் நீங்களாகவே சொன்னீர்கள். இயந்திரம் சரியில்லை, ஹெலிகொப்டரை எடுக்க வேண்டாம் என்று மெக்கானிக் இரண்டு தரம் தடுத்திருக்கிறார். கேளாமல் எடுத்தீர்கள். அது கடலில் விழுந்தது. நீங்கள் நீந்தித் தப்பினீர்கள். துணை விமானி தப்பவில்லை. விசாரணையில், "என்னிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை" என்றீர்கள். மெக்கானிக்கின் வேலை போயிற்று. பிறகு விண்வெளிக்கு ஆள் எடுத்தபோது உங்கள் பெயரில் ஒரு கறையும் இருக்கவில்லை.

நான் அடித்து முடித்ததும் திரையை எட்டிப் பார்த்தீர்கள்.

"அது புத்தகத்துக்கு வேண்டாம். அழித்துவிடுங்கள்."

"அந்த மெக்கானிக் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டேன்.

ஒரு மிடறு தேத்தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "உங்கள் விசா விசயம் இன்னும் முடியவில்லைதானே? நான் ஒரு நல்ல கடிதம் தருகிறேன்."

அழித்தேன். கடிதமும் கிடைத்தது.

புத்தக வெளியீடு நோர்பரியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கையெழுத்துக்காக ஒவ்வொரு புத்தகமாக விரித்து உங்களிடம் தந்துகொண்டிருந்தேன். வரிசையில் ஒரு கிழவர் வந்தார்.

"என்னைத் தெரிகிறதா?"

உங்கள் முகம் வெளிறியதைக் கண்டேன். உடனே சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "பெயரை எப்படி எழுதுவது?" என்றீர்கள். அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். அந்தப் பெயரை நான் ஏற்கெனவே ஒருதரம் அடித்து அழித்திருந்தேன். "துணிவோடு கனவு காணுங்கள்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தீர்கள். அவருக்குப் போய்! அவர் வாசித்தார். புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்று உங்களை வெறுக்கத் தொடங்கினேன். செத்துப்போனீர்கள் என்பதற்காக அதை நிறுத்தவில்லை.

சாவுச் செய்தி வந்த அன்று என் மனிசன் சொன்னார்: "இனி ஆருக்கப்பா பயம்? அந்த மெக்கானிக்குக்கு உண்மையைச் சொல்லுமன்."

"எனக்கு ஏலாது" என்றேன். ஆனாலும் போன வாரம் நம்பரைத் தேடிப்பிடித்து அவருக்குப் போன் எடுத்தேன். நீங்கள் என்னிடம் ஒப்புக்கொண்டதையும் நான் அதை அழித்ததையும் சொன்னேன்.

"இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

"நீங்கள் வரிசையில் வந்து நிற்கிறதுக்கு முந்தியே."

"தெரிந்துகொண்டா புத்தகத்தை விரித்துக் கொடுத்தீர்கள்?" என்றார். போனை வைத்துவிட்டார்.

திரும்ப மூன்று தரம் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், படுக்கிறேன். இன்று காலை, நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதி அவருக்குத் தபாலில் அனுப்பினேன். யாரிடம் காட்ட விரும்பினாலும் அவர் காட்டட்டும். மறைத்தவர்கள் என்று இரண்டு பெயர் எழுதியிருக்கிறேன். முதலாவது உங்களுடையது.