பம்ப்பை மாற்றாமல் புறப்படாதே

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம், என் முட்டிவலி நீங்கலாக. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கவேண்டும். போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், உட்கார்ந்து படி.

நான் ஓட்டும் பள்ளிக்கூட வேன் போன வாரம் பாதி வழியில் சூடேறி மக்கர் பண்ணிவிட்டது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுவதற்குள் ஓரங்கட்டிப் பிள்ளைகளை இறக்கிவிட்டேன், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கொஞ்ச காலமாகவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. தினமும் ஊற்றுவேன், குனிந்து பார்ப்பேன், வண்டிக்கடியில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பிறகுதான் தெரிந்தது, ரிட்டயர் ஆன உன் அப்பா நான் எழுவதற்கு முன்பே அந்த இடத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிடுகிறார்! கேட்டால், ஏதோ பச்சையா கறை இருந்துச்சு, உனக்குக் கறைன்னா பிடிக்காதேன்னு தொடச்சேன் என்கிறார். திட்டுவதா சிரிப்பதா, நீயே சொல்.

நாங்கள் ஆமை என்று கூப்பிடும் மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி வாட்டர் பம்ப்பின் சக்கரத்தை ஆட்டிக் காட்டினார், விழப்போகிற பல் மாதிரி ஆடியது. உள்ளே பேரிங் தேய்ந்து, சீல் போய், தண்ணீர் கசிந்திருக்கிறது. முன்பக்கம் ஒரு முனகல் சத்தமும் கேட்டதுதான், நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டேன். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துடும்மா என்று எஞ்சின் ஆறும்வரை ஆமை அசையவில்லை. பம்ப்பும் எஞ்சினும் சேரும் இடத்திலிருந்த பழைய பேக்கிங்கைத் துளி விடாமல் சுரண்டி எடுத்து, புதுசு வைத்துப் பம்ப்பை மாட்டி, கையோடு கையாகப் பெல்ட்டையும் மாற்றி, கூலண்ட் என்கிற அந்தப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் காற்றுக் குமிழி அடங்கும்வரை ஓடவிட்டார்.

இப்போது உன் கார் கதைக்கு வருகிறேன். அப்பப்ப தண்ணி ஊத்தினா ஓடுதும்மா, ஞாயித்துக்கிழமை குட்டியைத் தூக்கிட்டு மலைப்பாதையில வந்துடறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடிதம் கிடைத்த அன்றே படுக்கும் முன் காருக்கடியில் ஓர் அட்டையை விரித்து வை, காலையில் முன்பக்கம் கறை இருக்கிறதா பார். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெக்கானிக்கிடம் காட்டாமல் சாவியைத் தொடாதே. பேத்தியை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, தொட்டில் வாங்கிக் கூடத்தில் போட்டுவிட்டுப் போகும்போதும் வரும்போதும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், இந்த ஞாயிறு வராதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பம்ப்போடு பெல்ட்டையும் சேர்த்து மாற்றச் சொல்ல மறந்துவிடாதே. தாமதமாக வந்தால் காத்திருப்பேன் கண்ணு, எனக்கென்ன வேலை. நீங்கள் வந்து சேராமலே போனால் நான் என்ன செய்வேன்?

உன் அம்மா